போன வருடம் 23,150 திரும்பி வந்தது. இந்த வருடம் 1,37,575 கட்டச் சொல்கிறார்கள்!

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். தொகைகள் அவர் எழுதியவை. பைசாவை மட்டும் முழுமையாக்கியிருக்கிறேன்.

விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து, 11 வருடமாகப் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்ப்பவர். 2024-25 நிதியாண்டில் மொத்தச் சம்பளம் 15 லட்சம். பழைய வரிமுறையில் (வாடகை, சேமிப்பு போன்ற கழிவுகளைக் காட்டி வரியைக் குறைக்கும் முறை) இருந்தார். வீட்டு வாடகை, பிஎஃப், எல்ஐசி, மருத்துவக் காப்பீடு, என்பிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டம் எல்லாவற்றையும் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தார். 23,150 ரூபாய் ரீஃபண்ட் வந்தது.

2025 அக்டோபரில் வேலை மாறினார். மாதச் சம்பளம் 1,30,000-லிருந்து 1,60,000 ஆனது. சேர்ந்ததற்கு 1 லட்சம் போனஸ். புது நிறுவனம் மார்ச் வரை ஆறு மாதமும் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை. ‘12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு பட்ஜெட்ல சொன்னாங்களே, அதுதான் போலன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். இப்போது அவருடைய ஆடிட்டர், 1,37,575 ரூபாயும் அதற்கு மேல் வட்டியும் கட்டச் சொல்கிறார். போதாக்குறைக்கு இந்த 2026 ஏப்ரலிலிருந்து சம்பளத்தில் மாதாமாதம் 14,650 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆடிட்டரை மாற்றச் சொல்கிறார் கணவர். அலுவலகத் தோழியோ, ‘ரீஃபண்ட் வாங்கித் தருபவர்’ ஒருவருடைய நம்பரைக் கொடுத்திருக்கிறார். சம்பள உயர்வை வாங்கியதே தப்போ என்பதுதான் வாசகியின் கடைசிக் கேள்வி.

கடிதத்தின் நடுவில், முக்கியமில்லை என்று நினைத்து அவர் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்களையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். அவருடைய அப்பா கொடுத்த 7 லட்சத்தை எஃப்டியில் போட்டிருக்கிறார். அதில் 48,000 வட்டி வந்தது. புது வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கொடுக்க, 2026 ஜனவரியில் பங்கு மியூச்சுவல் ஃபண்டை விற்றார். பல வருடமாக வைத்திருந்தது, லாபம் 2,25,000.

சகோதரி, உங்கள் ஆடிட்டர் போட்ட கணக்கை நானும் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அவரை மாற்ற வேண்டாம். அவர் செய்த ஒரே தவறு, எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, அது எப்படி வந்தது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லாமல் விட்டது. எங்கள் தொழிலில் ஜூன், ஜூலை மாதங்களில் எல்லோருமே செய்கிற தவறு அது. நானும் செய்திருக்கிறேன்.

நீங்கள் எதை எதோடு ஒப்பிட்டீர்கள் என்று பாருங்கள். போன வருடம் கைக்கு வந்த 23,150-ஐ, இந்த வருடம் கையை விட்டுப் போகப்போகிற 1,37,575-ஓடு வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே 1,60,725 ரூபாய் பள்ளம். யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் இந்த இரண்டு எண்ணுமே உங்கள் வரி கிடையாது. வருடம் முழுவதற்கும் ஆன வரியிலிருந்து, சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த டிடிஎஸ்ஸைக் கழித்தால் நிற்கிற பாக்கி, அவ்வளவுதான்.

மளிகைக் கடையில் முன்பணமாக 5,000 கொடுத்துவிட்டு 4,000-க்குச் சாமான் வாங்கினால் 1,000 திரும்பி வரும். அடுத்த மாதம் 1,000 மட்டும் கொடுத்துவிட்டு 5,000-க்கு வாங்கினால், கடைசியில் 4,000 கேட்பார். கடைக்காரர் விலையை ஐந்து மடங்கு ஏற்றிவிட்டார் என்று அதற்கு அர்த்தமா?

உங்கள் கணக்கு இதுதான். 2024-25-இல் உங்களுக்கு ஆன மொத்த வரி, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் தீர்வை) சேர்த்து 1,16,500. என்பிஎஸ், மருத்துவக் காப்பீடு ரசீதுகளை ஹெச்ஆர் கேட்ட தேதிக்குள் கொடுக்க மறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவர்கள் 1,39,650 பிடித்துவிட்டார்கள். அதிகமாகப் பிடித்த உங்கள் பணம்தான் ரீஃபண்டாக வந்தது. அந்த வருடம் உங்களுக்கு வரி குறைவாக ஆனதால் வந்தது என்று நினைக்காதீர்கள்.

2025-26-இல் ஆன மொத்த வரி 1,82,100. பிடித்ததோ 44,525 மட்டும்.

ஆக, உங்கள் வரி உண்மையில் ஏறியது 65,600 ரூபாய். பள்ளத்தின் மீதி 95,125-க்கும் வரி உயர்வுக்கும் சம்பந்தமில்லை; போன வருடத்தைவிட இந்த வருடம் டிடிஎஸ் அவ்வளவு குறைவாகப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பணம் அக்டோபரிலிருந்து மாதாமாதம் சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் கைக்கு வந்து, செலவாகிவிட்டது.

65,600 எங்கிருந்து வந்தது?

இரண்டு வருடத்து வரியை ஒப்பிட நான் எப்போதும் செய்கிற ஒரு வேலை உண்டு. போன வருடத்து வருமானத்தை அப்படியே எடுத்து, இந்த வருடத்து விதியில் போட்டுப் பார்ப்பேன். விதி மாறியதால் என்ன ஆனது, வருமானம் மாறியதால் என்ன ஆனது என்று இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிடும்.

உங்களுடைய பழைய 15 லட்சத்தை 2025-26-இன் புதிய முறையில் (விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் கிடையாது) போடுகிறேன். சம்பளக்காரர்களுக்கு ரசீது இல்லாமலே கிடைக்கும் நிலையான கழிவு 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, மிச்சம் 2,25,000-க்கு 15. செஸ் சேர்த்து 97,500 வருகிறது. அதாவது சம்பளம் ஏறாமல் இருந்திருந்தால், வாடகை ரசீது, எல்ஐசி ரசீது எதுவுமே காட்டாமல், போன வருடத்தைவிட 19,000 ரூபாய் குறைவாகக் கட்டியிருப்பீர்கள். விதி மாறியது உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. உங்கள் கோபம் பட்ஜெட்டின் மேல் இருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இனி வருமானம். பழைய நிறுவனத்தில் ஆறு மாதம் 7,80,000, புதியதில் ஆறு மாதம் 9,60,000, போனஸ் 1,00,000. மொத்தம் 18,40,000. கூடுதலாக வந்த 3,40,000-க்கு ஆன வரி 61,620. உயர்வின் பெரும் பங்கு இதுதான்.

எஃப்டி வட்டி 48,000-க்கு 9,984. வங்கி வரி பிடிக்காததால் இதற்கு வரியே இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து, மூத்த குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வருட வட்டி 50,000-ஐத் தாண்டினால்தான் வங்கி டிடிஎஸ் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்குத்தான் அந்த வரம்பு. வரிக்கு அப்படி எதுவும் கிடையாது. வங்கி பிடிக்காத வட்டியும், வருமான வரித் துறை உங்களைப் பற்றி வைத்திருக்கும் ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கும். வருமான வரி போர்ட்டலில் திறந்து பாருங்கள். அப்பா கொடுத்த 7 லட்சத்துக்கு வரி வருமா என்று பயந்திருக்கிறீர்கள். வராது. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிய தொகையானாலும் வாங்கியவருக்கு அது வருமானம் ஆகாது. பணம் வங்கி வழியாக வந்ததால் அந்த ஸ்டேட்மென்டையும், அப்பா கையெழுத்திட்ட ஒரு சின்னக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

கடைசியாக மியூச்சுவல் ஃபண்ட். இங்கேதான் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் வருத்தம். ‘வித்த பணம் அப்படியே வீட்டு ஓனருக்குப் போயிடுச்சே, எனக்கு எங்க லாபம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் எங்கே போனது என்பதை இங்கே சட்டம் பார்ப்பதில்லை. விற்ற அன்று லாபம் எழுந்துவிட்டது. பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்தில் 1,25,000 வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். உங்களுக்கு மிச்சம் 1 லட்சத்துக்கு, செஸ் சேர்த்து 13,000. பாதியை ஜனவரியிலும் பாதியை ஏப்ரலிலும் விற்க முடிந்திருந்தால் இரண்டு வருடத்து விலக்கும் கிடைத்து, இந்த 13,000 மொத்தமும் மிஞ்சியிருக்கும். பெங்களூரு வீட்டு ஓனர் அட்வான்ஸுக்கு ஏப்ரல் வரை காத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

கூட்டிப் பாருங்கள். 1,16,500-இல் 19,000 இறங்கி, பிறகு 61,620, 9,984, 13,000 என்று ஏறி 1,82,100-க்கு வந்து நிற்கிறது. நான்கு ரூபாய் இப்படி அப்படி இருக்கும். கடைசித் தொகையைப் பத்து ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள்.

ஆறு மாதம் ஏன் வரியே பிடிக்கவில்லை?

‘கம்பெனி செய்த தப்புக்கு நான் எதுக்கு வட்டி கட்டணும்?’ என்று கேட்கிறீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் நடந்தது இது.

புது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் அக்டோபரில்தான் பிறந்தீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்கள் சம்பாதித்தது அவர்களுக்குத் தெரியாது. மார்ச் வரை அவர்கள் தரப்போவது 10,60,000. நிலையான கழிவு போக 9,85,000. 12 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியில் வரி பூஜ்யம். அவர்கள் கைக்கு வந்த விவரத்துக்கு அந்தக் கணக்கு சரியானது.

பழைய நிறுவனத்திலும் இதே கதைதான், சின்ன அளவில். ஏப்ரலில் அவர்கள் வருடம் முழுக்க 15,60,000 தரப்போவதாக நினைத்து மாதம் 8,905 பிடித்தார்கள். செப்டம்பரில் நீங்கள் கிளம்பும்போது, மொத்தமே 7,80,000-தான் என்று தெரிந்ததும் கடைசி மாதம் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஐந்து மாதத்துக்கு மட்டும், 44,525.

இரண்டு பேரும் தனித்தனியாக, ‘இந்த அம்மாவுக்கு 12 லட்சத்துக்குக் கீழே’ என்று முடிவுகட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் ஒருவர்தான், நீங்கள். அதற்கென்று அப்போது 12பி என்று ஒரு படிவம் இருந்தது. பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் அதில் எழுதிப் புது நிறுவனத்தில் கொடுத்தால், அவர்கள் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பிடித்திருப்பார்கள். வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட, அல்லது திரையில் ‘சரி’ என்று அழுத்திய பத்துப் பதினைந்து தாள்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். யார்தான் படிக்கிறார்கள்? ஆனால் சட்டப்படி அந்த விவரத்தைக் கொடுக்க வேண்டியது ஊழியர். கம்பெனியிடம் வட்டியைக் கேட்டு வாங்க முடியும் என்ற நம்பிக்கையை நான் உங்களுக்குத் தரமாட்டேன்.

இன்னொன்று. உங்களிடம் இப்போது இரண்டு ஃபார்ம் 16 (சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் சான்று) இருக்கும். இரண்டிலும் 75,000 கழிவு போட்டிருப்பார்கள். கணக்கில் அது ஒரு தடவைதான். இரண்டையும் அப்படியே கூட்டிப் போட்டுத் தாக்கல் செய்துவிட்டுப் பிறகு நோட்டீஸோடு வருபவர்கள் நிறையப் பேர்.

‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற வாக்கியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலம் அதுதான். 12 லட்சம் வரைக்குமான பகுதிக்கு எல்லோருக்கும் விலக்கு என்று அதற்கு அர்த்தமில்லை. ஒருவருடைய மொத்த வருமானமே 12 லட்சத்துக்குள் இருந்தால்தான், கணக்கில் வரும் 60,000 வரை தள்ளுபடி செய்கிறார்கள். சம்பளக்காரருக்கு நிலையான கழிவைச் சேர்த்து 12,75,000. உங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு 12,50,000 சம்பளத்துக்கு வரி பூஜ்யம் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அது உண்மைதான். அந்த எல்லையைத் தாண்டியவருக்குத் தள்ளுபடி கிடையாது. வரி 4 லட்சத்துக்கு மேலிருந்தே தொடங்கும்.

சம்பள உயர்வு தப்பா?

இல்லவே இல்லை. அடுத்த அடுக்குக்குப் போனால் மொத்த வருமானத்துக்கும் அந்த விகிதம் போட்டுவிடுவார்கள் என்று நினைத்து, போனஸே வேண்டாம் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். அடுக்கு என்பது அந்த அடுக்குக்குள் வரும் ரூபாய்க்கு மட்டும். உங்களுக்குப் பட்ட உச்ச விகிதம் 20 சதவீதம். அதுவும் 16 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு. கூடுதலாக வந்த 3,40,000-இல் 61,620 வரி போக 2,78,380 உங்களுடையது. வருமானம் ஏறுவதைவிட வரி வேகமாக ஏறுவதாகத் தோன்றுவது சரிதான், நம் வரி அமைப்பே அப்படி. ஆனால் ஏறிய வருமானத்தைவிட ஏறிய வரி அதிகமாகிவிடாது. 12 லட்சத்தின் விளிம்பிலும் அதற்கு ஒரு தடுப்பு உண்டு: வருமானம் 12,10,000 என்றால், கணக்குப்படி 61,500 வரி வர வேண்டும், ஆனால் தாண்டிய 10,000-க்கு மேல் கேட்கமாட்டார்கள். செஸ் மட்டும் தனி.

பழைய முறையிலேயே இருந்திருக்கலாமோ என்ற உங்கள் சந்தேகத்தையும் பார்த்தேன். சம்பளக்காரர்கள், தொழில் வருமானம் இல்லாதவரை, ஒவ்வொரு வருடமும் தாக்கல் செய்யும்போது முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நிறுவனம் புதிய முறையில் பிடித்தது உங்கள் கையைக் கட்டாது. ஆனால் மாதம் 28,000 வாடகை, 80சி பிரிவில் (பிஎஃப், எல்ஐசி போன்றவை) 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, என்பிஎஸ் 50,000 எல்லாம் போட்டுப் பார்த்தாலும், பழைய முறையில் இந்த வருடம் 2,42,790 வருகிறது. புதியதைவிட 60,000-க்கு மேல் அதிகம். போன வருடம் உங்களுக்குப் பழையது 13,500 ரூபாய் லாபமாக இருந்தது; இந்த வருடம் தலைகீழ். ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டு, ‘எனக்குப் பழையதுதான் லாபம்’ என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கு உங்கள் கணக்கே சாட்சி.

பணத்தை எப்படிக் கட்டுவது?

கிரெடிட் கார்டில் கட்டி மாதத் தவணையாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கட்டணம், வட்டி இரண்டும் சேர்ந்து, அரசு போடும் வட்டியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அரசு போடும் வட்டி இரண்டு வகை. முன்கூட்டிய வரியை, அதாவது வருடம் முடியும் முன்பே கட்ட வேண்டிய வரியை, தவணைத் தேதிகளில் கட்டாததற்கு 234சி பிரிவின் வட்டி. உங்கள் கணக்கில் இது 7,000-ஐ ஒட்டி வரும், இனி ஏறாது. இன்னொன்று 234பி. ஏப்ரல் 1 முதல் பாக்கித் தொகைக்கு மாதம் 1 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. இந்த ஜூனுக்குள் கட்டினால் மூன்று மாதம், 4,125. ஜூலை 1 ஆனால் மேலும் 1,375. அதனால் தாக்கலை ஜூலையில் செய்தாலும் பரவாயில்லை, பணத்தை ஜூன் 30-க்குள் கட்டிவிடுங்கள். வரியை ஒரே செலானில் கட்ட வேண்டும் என்றும் இல்லை. இன்று 80,000, பத்து நாள் கழித்து மீதி என்று கட்டலாம்.

எனக்குத் தோன்றும் வழி, எஃப்டியில் ஒரு பகுதியை உடைப்பதுதான். அப்பா கொடுத்த பணத்தைத் தொட மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அது 7 சதவீதத்தை ஒட்டிச் சம்பாதித்து, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது. பாக்கியோ வருடத்துக்கு 12 சதவீதக் கணக்கில் ஓடுகிறது. 7 லட்சமும் ஒரே எஃப்டியாக இருந்தால் வங்கியில் கேளுங்கள். பகுதியாக எடுக்க விடுகிறார்களா, இல்லை அதன்மேல் கடன் கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப நிரப்பிவிடுங்கள், அப்பாவுக்கும் நிம்மதி.

கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டு 2026-27 (2025-26 வருமானத்துக்கு அதுதான்) என்றும், வகை சுய மதிப்பீட்டு வரி என்றும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டுத் திருத்த அலைவது தனி வேதனை. இந்த ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம். 2025-26 வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஃபண்ட் லாபம் 1,25,000-ஐத் தாண்டியதால் தாக்கல் படிவங்களில் ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது, ஐடிஆர்-2. கெடு ஜூலை 31. தவறினால் 5,000 தாமதக் கட்டணமும் இன்னொரு வட்டியும் சேரும்.

அந்த நம்பரை அழித்துவிடுங்கள்

‘ரீஃபண்ட் வாங்கித் தருபவர்’ பத்து சதவீதக் கமிஷனுக்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். உங்களைப் பழைய முறைக்கு மாற்றி, கொடுக்காத கட்சி நன்கொடை, இல்லாத கல்விக் கடன் வட்டி, அம்மாவுக்குக் கொடுக்காத வாடகை என்று எழுதுவார். பணமும் வந்துவிடும், அதுதான் ஆபத்து. 2025 ஜூலையில் இப்படிப்பட்ட போலிக் கழிவுகளைத் தேடி வருமான வரித் துறை நாடு முழுக்கச் சோதனை நடத்தியது. தவறான விவரம் தந்து வருமானத்தை மறைத்ததாக முடிவானால், மறைத்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், அதாவது 200 சதவீதம். வரியும் வட்டியும் தனி. அன்றைக்கு அந்த நம்பர் உபயோகத்தில் இருக்காது. கணக்கில் இருப்பது உங்கள் பான் எண். அவருடைய பெயர் எங்கேயும் இருக்காது. தோழியும் அவரிடம் தாக்கல் செய்திருந்தால், தானாகவே திருத்திய கணக்கைத் தாக்கல் செய்துவிடச் சொல்லுங்கள்.

ஏப்ரலிலிருந்து பிடிக்கும் 14,650

இது புது வரி உயர்வு என்று நினைத்துவிட்டீர்கள். இந்த ஆண்டுக்கு விகிதம் மாறவில்லை. வருடத்துக்கு 19,20,000 சம்பளம், கழிவு போக 18,45,000, வரி 1,75,760. பன்னிரண்டால் வகுத்தால் 14,647. இது போக வருவதுதான் உங்கள் இயல்பான கைச்சம்பளம். பிடிக்காமல் விட்ட அந்த ஆறு மாதம்தான் விதிவிலக்கு. அந்த ஆறு மாதத்துச் சம்பளத்தை நம்பித்தான் புது வீட்டு வாடகையை ஒத்துக்கொண்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் வீட்டுக் கணக்கை இப்போதே ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

எஃப்டி வட்டிக்கு இந்த வருடம் முன்கூட்டிய வரி கட்ட வேண்டுமா? டிடிஎஸ் போக மிச்ச வரி 10,000-ஐத் தொட்டால்தான் கட்ட வேண்டும். உங்களுக்கு 9,984, நூலிழையில் தப்புகிறது. வட்டி கொஞ்சம் ஏறினாலும், இல்லை மறுபடி ஃபண்ட் விற்றாலும், தாண்டிவிடும். அந்த வருமானத்தையும் ஹெச்ஆரிடம் சொல்லிச் சம்பளத்திலேயே சேர்த்துப் பிடிக்கச் சொல்வது சுலபம்.

புதிய முறையில் நேர்மையாக வரியைக் குறைக்க உங்களுக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு ஒன்றுதான்: நிறுவனம் உங்கள் சார்பில் என்பிஎஸ்ஸில் போடும் தொகை. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. உங்கள் அடிப்படை 80,000 என்பதால் மாதம் 11,200, வருடத்துக்கு 1,34,400. இதனால் குறையும் வரி 27,955. நீங்களாகப் போடும் 50,000-க்குப் புதிய முறையில் கழிவு இல்லை. நிறுவனம் வழியாகப் போனால்தான் உண்டு. ஆனால் இந்தப் பணம் உங்கள் சிடிசியிலிருந்துதான் (நிறுவனம் உங்களுக்கென்று ஒதுக்கும் மொத்தத் தொகை) போகும், கைக்கு வரும் சம்பளம் குறையும், ஓய்வு வயதுவரை பெரும்பாலும் பூட்டியே இருக்கும். மகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் நெருக்குகிற இந்த வருடம், முழு 14 சதவீதத்துக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலில் எஃப்டியை நிரப்புங்கள். உங்கள் நிறுவனத்தில் இந்த வசதி உண்டா, வருடத்தின் நடுவில் சேர விடுவார்களா என்பதை மட்டும் இந்த வாரமே ஹெச்ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 12பி-யின் இடத்தில் இப்போது இருக்கும் படிவத்தைப் பார்த்துவிட்டும் வாருங்கள், அடுத்த முறை வேலை மாறும்போது முகம் தெரிந்திருக்கட்டும்.